ஒட்சியேற்றமும் ஒக்சிடேஷனும்

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு. கற்பிப்பது ஆங்கிலத்தில். பசறையிலோ ஹாலிஎலயிலோ உயர்தரம்வரை தமிழில் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு, அரைத்த கொழுந்து செம்பு நிறமாவது 'ஒட்சியேற்றம்' என்று தெரியும். விரிவுரையில் 'ஒக்சிடேஷன்' என்று கேட்டதும் தடுமாறுகிறது. இரசாயனவியல் வந்துவிட்டது, சொல்தான் வரவில்லை. ஆகவே, முதலாண்டு அறிவியல் பாடங்களுக்கு விரிவுரையாளரை எடுக்கும்போது, தமிழிலோ சிங்களத்திலோ விளக்கும் திறனுக்கும் புள்ளி தரவேண்டும்.

தகுதி குறையும் என்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் நேர்முகக் குழு, புரியவைப்பதை மட்டும் ஏன் தகுதியில் சேர்ப்பதில்லை? ஆங்கிலமின்றி வேலைச் சந்தை இல்லை என்பது நியாயமான வாதம். விரிவுரை ஆங்கிலத்திலேயே நடக்கட்டும்; புரியாததை விளக்குவது மட்டும் பிள்ளையின் மொழியில் இருக்கட்டும். சிங்களப் பிள்ளைக்கும் இதே தடுமாற்றம்தான். ஆனால் வகுப்பு முடிந்து தன் மொழியில் சந்தேகம் கேட்க அந்தப் பிள்ளைக்கு ஆள் கிடைப்பது சுலபம்.