எல்லாக் கதைகளும் ஏன் கதிரவனோடு தொடங்குகின்றன?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய கதைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, ‘என்னால் மறக்க முடியாத நாள்’. மொத்தம் பதினான்கு பயிற்சிப் புத்தகங்கள். அவற்றுள் ஒன்பதில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டு உதித்தான். மூன்றில் பள்ளி மணி ஒலித்தது. ஒன்றில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தவனின் மனத்திரையில் பழைய சம்பவம் நிழலாடியது. எஞ்சிய ஒரு மாணவன் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் புத்தகத்தை மூடி வைத்திருந்தான்.

அந்த ஒன்பது கதிரவன்களில் ஒன்று ஜெராய் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்தது. நம் ஊர் மலையின் பெயரைக் கண்டதும் முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் உறைத்தது. செமிலிங்கிலிருந்து பார்த்தால் ஜெராய் வடக்கே அல்லவா நிற்கிறது? அங்கே எப்படிக் கதிரவன் உதிக்கும்? அந்த மாணவன் நாள்தோறும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறான். ஆனால் எழுதும்போது கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, மனனம் செய்ததை எழுதியிருக்கிறான். மாதிரிக் கட்டுரையில் கதிரவன் மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆகவே இங்கும் வந்துவிட்டது.

இதற்கு அவனைக் குறை சொல்வதற்கில்லை. மனனம் செய்யச் சொன்னவர்கள் நாம்தாம். நானும் அவர்களுள் ஒருத்தி.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கி 2019 வரை நடைபெற்றது. அக்காலத்தில் நேரம் குறைவு; பிள்ளைகளுக்கோ அச்சம் மிகுதி. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தக்கூடிய நான்கைந்து ‘அழகிய தொடக்கங்களை’ எழுதிக் கொடுத்து ஒப்புவிக்கச் செய்தோம். பெருந்தொற்றால் 2020இல் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அதை அகற்றுவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. தேர்வு போய்விட்டது, தேர்வுக்காக எழுதிக் கொடுத்த கதிரவன் மட்டும் இன்னும் போகவில்லை!

பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அப்போது வேறொரு பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ‘நான் ஒரு மிதிவண்டி’ என்ற தலைப்பில் தன்கதை எழுதச் சொன்னேன். தன்கதைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் வரிசையை நீங்கள் அறிவீர்கள். தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் காத்திருந்தேன், ஒருவர் என்னை வாங்கினார், உழைத்தேன், இறுதியில் ஒரு மூலையில் கிடக்கிறேன். ஒரு மாணவன் மட்டும், “தாத்தா போனதிலிருந்து என் சக்கரங்களில் காற்று இல்லை” என்று தொடங்கியிருந்தான். நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘பிறந்த இடத்திலிருந்து தொடங்குக’ என்று ஓரத்தில் எழுதினேன். அவனும் பணிவோடு தொழிற்சாலையில் பிறந்து, நல்ல புள்ளிகள் பெற்றான்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய தாயார் அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். அடிக்கப்பட்ட வரியின்மேல் விரலை வைத்து, “இது எங்கப்பாவோட சைக்கிளு டீச்சர். மரம் வெட்டப் போறப்ப ஓட்டுனது” என்றார். அவர் என்மீது குறை கூறவில்லை. அதற்கு மேல் எதுவும் சொல்லவுமில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு வரியில் ஒரு மரணத்தையும், ஒரு வீட்டின் வெறுமையையும் சொல்லியிருந்தான். அதைப் பிழை என்று திருத்தியிருந்தேன்.

தொடக்கம் என்பது கதைக்குச் சூட்டும் மாலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவேதான் எந்தக் கதைக்கும் அதே மாலையைச் சூட்டுகிறோம். என் கருத்தில், தொடக்கம் என்பது கதை எழுதுபவர் எடுக்கும் முதல் முடிவு. நிகழ்ந்தவை அனைத்திலும் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்லப்போகிறேன் என்ற முடிவு அது. அந்த முடிவை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால், பிள்ளை கதை எழுதக் கற்றுக்கொள்வதில்லை, நிரப்பக் கற்றுக்கொள்கிறது.

பெரிய எழுத்தாளர்களைப் பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே நேரில் வருகிறார். ஆனால் கதை கடவுளிடமிருந்து தொடங்கவில்லை. சென்னையில் ஒரு தெருமுனையில் நின்றுகொண்டு, டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று கணக்குப் போடும் ஒரு சாதாரண மனிதரிடமிருந்து தொடங்குகிறது. அந்தச் சில்லறைக் கணக்கை நாம் நம்பிவிடுவதால், பின்னால் வரும் கடவுளையும் நம்பிவிடுகிறோம். காஃப்கா 1915இல் வெளியிட்ட ‘உருமாற்றம்’ கதையிலோ, ஒருவன் காலையில் கண்விழிக்கும்போதே பூச்சியாக மாறிக் கிடக்கிறான். அவன் எங்கே பிறந்தான், எப்படி மாறினான் என்ற முன்கதை எதுவும் இல்லை. நம் வகுப்பில் எழுதியிருந்தால், “பிறந்த இடத்திலிருந்து தொடங்குக” என்று அவருக்கும் ஓரத்தில் எழுதியிருப்போம் போலும்!

அப்படியானால் வருணனையே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடும். கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ நீர் நிறைந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. ஆனால் அது ஏதோ ஓர் ஏரி அன்று, வீரநாராயண ஏரி. ஏதோ ஒரு நாளும் அன்று, ஆடிப்பெருக்கு. அந்தக் கரையில் ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். அவனுக்குப் போக வேண்டிய இடமும் முடிக்க வேண்டிய வேலையும் இருக்கின்றன. அந்த வருணனையைப் பெயர்த்தெடுத்து வேறொரு கதையில் ஒட்ட முடியாது. நம் கதிரவனை எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். வேறுபாடு அதுதான்.

பாட்டி சொன்ன கதைகளும் ஒரே மாதிரிதானே தொடங்கின என்றும் கேட்கலாம். “ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்று சொன்ன பாட்டி, மூச்சு விடுவதற்குள் “அவருக்குப் பிள்ளையே இல்லை” என்று சொல்லிவிடுவார். இரண்டாம் வாக்கியத்திலேயே ஒரு குறை, ஒரு ஏக்கம் வந்துவிடும். நம் மாதிரிக் கட்டுரைகளில் பறவைகள் பாடி, பனித்துளி மின்னி, தென்றல் வீசி முடிவதற்குள் பாதிப் பக்கம் போய்விடுகிறது.

மெதுவாகக் கற்கும் மாணவனுக்கு மனனம் ஒரு கைத்தடி என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அதில் உண்மையும் இருக்கிறது. வெற்றுத்தாளைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வாக்கியத்தைக் கொடுப்பதற்குப் பதில் கேள்வியைக் கொடுக்கலாம். ‘அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது?’ ‘அப்போது யார், என்ன செய்துகொண்டிருந்தார்?’ இவ்விரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதுமானவை. எழுதி முடித்த பிள்ளைகளிடம், முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மறைத்த பிறகும் கதை குறைவின்றி நின்றால், அந்தப் பத்தி தேவையில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரிக் கட்டுரை நூல்களை வாங்கி ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். இரவு உணவின்போது, “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டு, பிள்ளை எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எந்தப் பிள்ளையும் கதிரவன் உதித்ததிலிருந்து தொடங்குவதில்லை. முக்கியமானதை முதலில் சொல்லும் திறமை அதன் நாவில் இருக்கிறது. அதைக் கைக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. நல்ல கதை ஒன்றின் முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்டி, “இனி என்ன நடக்கும்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. மெர்போக் ஆற்றங்கரைச் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்கால இரும்பு உலைக்களங்கள் இருக்கின்றன. இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த கதை ஒவ்வொரு வீட்டுத் தாத்தாவிடமும் இருக்கிறது. பக்கத்துப் பீடோங்கில் 1940இல் பிறந்தவர்தான் ரெ. கார்த்திகேசு. தோட்டப்புற வாழ்வை ‘மண்புழுக்கள்’ நாவலாக்கிய சீ. முத்துசாமியும் நம் கெடா மண்ணின் எழுத்தாளரே. அடுத்த எழுத்தாளர் நம் வகுப்பில் இப்போது புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் பதினான்காவது மாணவனை மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் பக்கத்தில் அமர்த்தி, அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டேன். சிறிது நேரம் தயங்கினான். பிறகு, “வீட்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு டீச்சர். அக்கா கோழியத் தூக்கிக்கிட்டு மேச மேல ஏறிட்டா” என்றான். அதையே எழுது என்றேன். “அக்கா கோழியைத் தூக்கிக்கொன்டு மேசை மேல் ஏரினாள்” என்று எழுதி வந்தான். இரண்டு எழுத்துப் பிழைகள். அவற்றை மட்டும் திருத்தினேன். வரியை அடிக்கவில்லை.

சிந்திப்போம்.