வராத பல்லுக்குக் கவலை, வந்த பல்லுக்குச் சர்க்கரைப் பால்

பத்து மாதக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்றால் வாலாஜாபேட்டையில் தெருவே கூடி விசாரிக்கும். "இன்னும் மொளைக்கலையா? எங்க பேரனுக்கு ஆறு மாசத்துலயே ரெண்டு" என்பார் ஒருவர். கால்சியம் சிரப் வாங்கச் சொல்வார் இன்னொருவர். முதல் பல் மேல்வரிசையில் வந்துவிட்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் ஆள் உண்டு. அதே குழந்தைக்கு இரண்டரை வயதாகும்போது மேல் முன்பல் நான்கும் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, ஈறோடு ஈறாகக் கரைந்து நிற்கும். அப்போது அதே வாய்கள் சொல்லும்: "பால் பல்லுதானே, வுழுந்து மொளைக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் என் சண்டை. வராத பல்லுக்காக இவ்வளவு பதறுகிறவர்கள் வந்த பல்லை ஏன் இப்படிக் கைவிடுகிறார்கள்?

முதலில் அந்தப் பதற்றத்தைப் பார்த்துவிடலாம். கீழ் முன்பற்கள் சராசரியாக ஆறாவது மாதத்தில் எட்டிப் பார்க்கும். நான்காம் மாதத்திலேயே முளைப்பதும் உண்டு, முதல் பிறந்தநாள் கழிந்து முளைப்பதும் உண்டு. இரண்டுமே இயல்புதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தாமதமாக முளைத்திருந்தால் பிள்ளைக்கும் அப்படியே நடக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் மாதத்தை எண்ண வேண்டும். பால் பற்களின் அரும்பு கருவில் ஆறாவது வாரம் வாக்கிலேயே தோன்றிவிடுகிறது. நான்காம் மாதத்தில் அதில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. பிறக்கும்போதே இருபது பற்களும் ஈறுக்குள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. பத்தாம் மாதத்தில் ஊற்றுகிற சிரப் அவற்றைப் பிடித்து மேலே தள்ளிவிடாது. பதின்மூன்று மாதம் தாண்டியும் ஒரு பல்கூட இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதாகியும் வரவில்லை என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும். தைராய்டு குறைவோ வைட்டமின் டி பற்றாக்குறையோ இருக்கலாம். குழந்தை மந்தமாக இருக்கிறது, மலச்சிக்கல், தலை நிற்கவில்லை, உட்காரவில்லை என்றால் அவ்வளவு காத்திருக்கவே கூடாது. தாமதப் பல்லைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பல் மேல் போடப்படும் பழிகளில் பேதிதான் பெரிது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்கு என்ன வந்தாலும் "பல் மொளைக்குது, அதான்" என்று முடித்துவிடுகிறோம். இது நம் ஊர் ஆயாக்களின் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. 1842ல் லண்டன் நகரின் இறப்புக் கணக்கில், ஒரு வயதுக்குள் செத்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்குச் சாவின் காரணம் பல் முளைப்பது என்றே பதிவு செய்தார்கள். டாக்டர்களே கத்தியால் ஈறைக் கீறிவிட்ட காலம் அது. பாதரசம் கலந்த பல் பொடியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1950கள் வரை நீடித்தது. கைகால் சிவந்து உரிந்து, வலியில் துடித்த பிள்ளைகள் ஏராளம்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளை நாள்தோறும் கவனித்து ஓர் ஆய்வு வெளியானது. பல் வெட்டும் நாட்களில் எச்சில் ஒழுகியது, நச்சரிப்பு இருந்தது, உடம்பு லேசாகச் சுட்டது. கடும் காய்ச்சலும் பேதியும் பல்லோடு சேர்ந்து வரவில்லை. அப்படியானால் பேதி எங்கிருந்து வருகிறது? ஆறாம் மாதம் வாக்கில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, குழந்தை தவழத் தொடங்குகிறது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிறது, மேலுணவும் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பல்லும் அதே நேரத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. இதை நமக்குச் சொல்ல அமெரிக்காவும் தேவையில்லை. ரோட்டா வைரஸ் பேதியைத் தடுக்கும் இந்தியாவின் ரோட்டாவேக் சொட்டு மருந்து 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் ஒன்று வேலூர். மற்றவை தில்லியும் புணேயும். 2016ல் அந்த மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பேதிக்குப் பின்னால் இருக்கும் கிருமியைப் பக்கத்து ஊரிலேயே ஆராய்ந்து மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் இன்னும் பல்லைக் கைகாட்டி, ஓஆர்எஸ் கொடுக்க வேண்டிய நேரத்தை வீணாக்குகிறோம்.

செய்யாத குற்றத்துக்குப் பல்லைத் தண்டிக்கும் நாம், பல்லுக்கு இழைக்கும் குற்றத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அது நடப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சில வீடுகளில் மாவும் சேர்த்து, ரப்பர் நிப்பிளை வாயில் வைத்து, குழந்தையைப் படுக்கவைத்துவிடுகிறோம். அது உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடும். நிப்பிள் வாயிலேயே இருக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பகலில் பல்லைக் கழுவிக்கொண்டிருந்த ஒரே காவலும் போய்விடும். மேல் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அந்த இனிப்புப் பால் தேங்கி நிற்க, கிருமிகள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். நிப்பிளுக்கு அடியில் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் கீழ் முன்பற்கள் தப்பித்துவிடும். மேலே நான்கும் சொத்தை, கீழே நான்கும் வெள்ளை என்றால் காரணம் தேடி அலைய வேண்டாம். எலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்கர் புட்டிப்பாலுக்கும் இந்தச் சொத்தைக்கும் உள்ள தொடர்பை 1962லேயே எழுதிவிட்டார்.

"நாங்க வெள்ளைச் சர்க்கரையே போடறதில்ல, பனங்கற்கண்டுதான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் தேனும் கிருமிக்கு ஒன்றுதான். தேனுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஒரு வயதுக்குள் அதை நாக்கில் தடவவே கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரக்கூடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சமாதானம் தயாராக இருக்கும். "தண்ணி சரியில்ல சார், தோல் கம்பெனி தண்ணி." பாலாற்றுக்குத் தோல் தொழிற்சாலைகள் செய்ததைச் சிறிதாக்கிப் பேச நான் ஆளில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபிறகும் கிணற்றில் உப்புக் கரிப்பதைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீரால் வரும் கறை மேல்வரிசை கீழ்வரிசை பார்த்து வராது. முன்னால் நான்கு பல்லை மட்டும் தேர்ந்தெடுத்து உடைக்கவும் செய்யாது. நியாயமான ஒரு கோபத்தை இப்படி ராத்திரிப் பாட்டிலுக்குக் கேடயமாகப் பிடிப்பது அந்தக் கோபத்துக்கே அவமானம்.

பூச்சி அரிக்கிறது என்பவர்களையும் விடக்கூடாது. கண்டங்கத்தரி விதையைச் சுட்டு, புகையை வாயில் பிடித்தால் பூச்சி உதிரும் என்று இன்றும் நம்புகிறார்கள். பாரிஸ் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தேடிப் பார்த்துவிட்டுப் பல்லில் புழு இல்லை என்று எழுதியது 1728ல்.

சரி, விழுந்து முளைக்கும் என்கிறீர்களே, எப்போது விழும்? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து மெல்ல வேண்டியவை. மூன்று வயதில் சீழ் பிடித்த பல்லோடு குழந்தை இன்னும் எத்தனை வருடம் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வலியால் ஒரு பக்கமாக மெல்லும், கறியையும் கொய்யாவையும் ஒதுக்கும், எடை ஏறாது. "சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்று அதற்கும் பாட்டில் பாலையே கொடுப்போம். பால் பல்லின் வேர்ச் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சையும் கெடுக்கும். போதாததற்கு, பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல அடுத்த பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது இந்தப் பால் பல்தான். நேரத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவந்து உட்கார்ந்துகொள்ளும், வரவேண்டியது கோணலாக வரும்.

எல்லாவற்றையும்விட மோசமான இழப்பு ஒன்று உண்டு. ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். "வுழுந்து மொளைக்கும்" என்று காத்திருக்கும்போதே அது சொத்தையாகிப் போகும். அது திரும்ப முளைக்கவே முளைக்காது.

எதிர்த்துக் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடியும்போதே வேன் ஏறுகிறார்கள். ராத்திரி பாட்டில் இல்லாவிட்டால் அந்தத் தாய் எப்படித் தூங்குவாள்? உண்மை. சம்பளத்தோடு கிடைக்கும் மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிவதும் முதல் பல் எட்டிப் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே நேரம். பாட்டில் வீட்டுக்குள் நுழைவது அன்றுதான். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்கு ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு அதுவும் கிடையாது. ஆகவே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவளுக்குத் தவறான தைரியம் சொல்கிற அந்த வாக்கியத்தைத்தான் ஏற்றுகிறேன்.

பாலாடையும் சங்கும் நம் வீடுகளில் இருந்தவைதான். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அதில் பால் குடிக்கும். அதை வாயில் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் தூங்க முடியாது. ஏற்கெனவே பாட்டில் பழகிவிட்டதென்றால் முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு ராத்திரிப் பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பாட்டிலையே விட்டுவிட வேண்டும். முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிடுங்கள். தூங்கும்முன் கடைசி வேலை அதுவாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றே பல் டாக்டரிடம் போகலாம். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சு சில நிமிட வேலை, பல்லையும் மீட்டுவிடலாம். பழுப்பாகி உடைந்தபிறகு போனால் சில குழந்தைகளுக்கு முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

பாட்டிலை நிறுத்தும் அந்த ஒரு வாரம் குழந்தை அழும், நிச்சயமாக அழும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற வேலையை, இதுவரை இந்தக் கட்டுரையில் பேச்சே அடிபடாமல் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா எடுத்துக்கொள்ளட்டும்.