முன்பணத்துக்கு முன்னே ஒரு தாள்

அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் திருமதி சிண்டி பார்லோ கோன் அவர்களுக்கு,

அம்மையீர்,

1999-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பாஸடீனா நகரத்து ரோஸ் பௌல் மைதானத்தில் 90,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருக்க, சீன அணியைப் பெனால்டி உதைகளில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய அணியில் தாங்களும் ஒருவர். அன்று அதைத் தொலைக்காட்சியில் கண்டு பரவசமடைந்த சிறுமிகளுள் பலர் இன்று தாய்மாராகி, சனிக்கிழமைதோறும் தம் பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மைதானங்களுக்கு விரைகிறார்கள். அவ்விதம் விரையும் ஒரு குடும்பத்தின் பாட்டன் நான். நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டில் வசிக்கிறேன். பேத்திக்கு வயது 13.

விஷயம் ஒன்றே. ‘எலீட்’ என்ற அடைமொழியைச் சூட்டிக்கொண்ட கிளப்புகள், பெற்றோரிடம் முதல் டாலரை வாங்குமுன், அவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை ஒரே தாளில் ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்தாகவேண்டும் என்று சம்மேளனம் விதி செய்யவேண்டும்.

மே மாதத்தில் நடக்கும் ட்ரைஅவுட் என்னும் ஆள்தேர்வு ஒன்றை, பதவியின் அடையாளம் ஏதுமின்றி, வேலியோரம் நின்று தாங்கள் பார்க்கவேண்டும். முதுகில் எண் குத்திய சிறுமிகள் பந்தைத் துரத்துகிறார்கள். மடக்கு நாற்காலிகளில் பெற்றோர் வாய் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். கோச் பெயரைக் கேட்பதில்லை, எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அன்றிரவே மின்னஞ்சல் வருகிறது: வாழ்த்துக்கள், 48 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் மற்றொருத்திக்குப் போய்விடும். அணியில் மொத்தம் எத்தனை பேர், பயிற்சி தரப்போகிறவர் இன்னார்தானா, கடந்த பருவத்தில் கடைசி நான்கு பெண்கள் எத்தனை நிமிஷம் ஆடினார்கள் என்னும் கேள்விகளுக்கு அந்த மின்னஞ்சலில் பதில் இல்லை. கேட்கவோ அவகாசமும் இல்லை.

லீகுகளின் பெயர்களோ புதிதாய் வருகிறவனைத் திகைக்க வைக்கின்றன. 2009-இல் ஈ.சி.என்.எல். தோன்றிற்று, 2017-இல் சம்மேளனமே பெண்களுக்கென்று டெவலப்மென்ட் அகாடமியைத் தொடங்கி, அதில் சேர்ந்தவர்கள் தம் பள்ளி அணியில் ஆடுவதையும் தடுத்து, பிறகு 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், அதை அடியோடு மூடிவிட்டது, உடனே கேர்ள்ஸ் அகாடமி முளைத்தது. இந்தப் பெயர் மாற்றங்களால் என் பேத்தி வயதுப் பெண்ணின் இடது கால் உதை எள்ளளவும் மேம்பட்டதாகத் தெரியவில்லை. கட்டணம் மட்டும் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். அதற்குமேல், கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பதற்கென்று நடத்தும் ஷோகேஸ் போட்டிகளுக்கு விமானச் செலவு. போட்டியை நடத்துவோர் காட்டும் ஹோட்டலிலேயே தங்கவேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஹோட்டலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவர் சிரித்தார்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் கல்லூரியின் உபகாரச் சம்பளம். இங்கேதான் கிளப்புகள் மௌனத்தால் லாபமடைகின்றன. சமீப காலம் வரையில், கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் பிரிவைச் சேர்ந்த கல்லூரியின் மகளிர் கால்பந்து அணி ஒன்றுக்கு 14 முழு உபகாரச் சம்பளங்களே உச்சவரம்பு. அவற்றை ஏறத்தாழ இருமடங்கு பெண்களுக்குப் பயிற்சியாளர் கூறு போட்டுக் கொடுப்பார். ஆகவே முழுச் செலவும் கிடைப்பது துர்லபம். கல்லூரி விளையாட்டு வீரர்களின் வழக்கில் 2025-இல் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கைக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அவ்வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்னும் கணக்கு வந்திருக்கிறது. ஆனால் 28 பேருக்கும் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் நிர்ப்பந்தம் இல்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. முதல் பிரிவுப் பயிற்சியாளர் ஒரு பெண்ணோடு நேரே பேசத் தொடங்குவதற்கு அவள் பத்தாம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் ஜூன் 15-ஆம் தேதி வரவேண்டும் என்பது விதியாயிருக்க, பதினோரு வயதுக் குழந்தையின் தாயிடம் ‘கல்லூரிக்கு வழி’ என்று விளம்பரம் செய்வது எந்த வகை நியாயம்? அதே பணத்தைப் படிப்புக்கென்று சேமித்திருந்தால் கணக்கு எப்படி முடியும் என்பதை ஒவ்வொரு வீடும் தானே போட்டுப் பார்க்கலாம்.

உடம்பைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். தலையில் பட்ட அடிகளின் விளைவால் 2006-இல் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தவர் தாங்கள். பத்து வயதுக்குட்பட்டோர் பந்தைத் தலையால் முட்டலாகாது என்று சம்மேளனம் 2015-இல் அறிவித்தது, பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்த பிறகுதான் என்பதையும் அறிவீர்கள். முழங்காலுக்கு அப்படியொரு கட்டளை இன்னும் பிறக்கவில்லை. ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பருவமடைந்த பெண்களுக்கு மிக அதிகம். கிழிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும், மீள ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஃபிஃபாவின் ‘லெவன் பிளஸ்’ என்னும் இருபது நிமிஷ உடற்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். நான் பார்க்கும் மைதானங்களில் பெண்கள் இரண்டு சுற்று ஓடி, கணுக்காலைச் சுழற்றிவிட்டு, கோச்சின் விசிலுக்கு நேரே ஆட்டத்தில் இறங்குகிறார்கள்.

இன்னொன்றை எழுதக் கை தயங்கினாலும் எழுதியாகவேண்டும். தேசிய மகளிர் கால்பந்து லீகில் பயிற்சியாளர்கள் செய்த அத்துமீறல்களை விசாரிக்கச் சம்மேளனம் நியமித்த ஸாலி யேட்ஸ் அம்மையாரின் அறிக்கை, 2022 அக்டோபரில் வெளியானபோது, அந்தச் சீர்கேட்டின் வேர் சிறுமியர் அணிகளிலேயே ஊன்றியிருப்பதாகக் கூறிற்று. ஏசுவதும் இழிவாய்ப் பேசுவதும் பயிற்சியின் அங்கமென்று பன்னிரண்டு வயதில் பழகிப்போனவள், பிற்பாடு எல்லை மீறும் மனிதரை எப்படி அடையாளம் காண்பாள்? ஆகவே கோச் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாமா, புகாரை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

குற்றம் முழுவதையும் கிளப்புகளின் தலையில் சுமத்த நான் ஒப்பேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் பெண்ணின் நிமிஷங்களை எண்ணும் தகப்பன்மாரையும், தோற்ற ஆட்டத்தைத் திரும்பும் வழியெல்லாம் காரில் மறுபடி ஆடித் தீர்க்கும் தாய்மாரையும் கண்டிருக்கிறேன். பெண் பின்னிருக்கையில் காதில் இயர்போனைச் செருகிக்கொள்கிறாள். உண்மை முதலிலேயே தெரிந்திருந்தால், இவர்களில் பாதிப்பேராவது பொறுமையோடு இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2026-27 பருவத்திலிருந்து வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டின்படி அல்லாமல், பள்ளி ஆண்டை ஒட்டி ஆகஸ்ட் 1 முதல் கணக்கிடப் பெரிய இளையோர் அமைப்புகள் தீர்மானித்திருக்கின்றன. அதனால் எப்படியும் அணிகள் கலைந்து மறுபடி சேரும். அந்தப் பருவத்துக்கான முன்பணத்தை எந்தக் கிளப்பும் கேட்குமுன், மொத்தச் செலவு, அணியின் எண்ணிக்கை, கோச்சின் பெயரும் தகுதியும், கடந்த பருவத்தின் ஆட்ட நிமிஷங்கள், காயத் தடுப்புப் பயிற்சி, சென்ற ஐந்தாண்டில் கல்லூரிப் பணம் உண்மையில் பெற்றவர்கள் எத்தனை பேர், புகார் செய்யும் வழி ஆகிய இவற்றை எழுதிக் கொடுக்காத கிளப்புக்குச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை என்று உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு பாட்டன்,
நியூ ஜெர்ஸி