நம்பிக்கையை ஒளிக்காத தொண்டு

அரசசார்பற்ற நிறுவனங்களின் உண்மையான நோக்கம் யாது என்ற கேள்வி எமது நாட்டில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. கேட்பதில் தவறில்லை. ஆயினும் அக்கேள்விக்கு நேர்மையாகப் பதிலளித்தவர்களுக்கு நேர்ந்த கதியையும் நாம் மறந்துவிடலாகாது.

கத்தோலிக்கத் திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தமது சமயத்தைப் பற்றிய அறிவைப் பரப்புவதும், பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் அகதி முகாம்களிலும் சேவையாற்றுவதும் சபையின் நோக்கங்கள் என அதில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது. சமயப் பரப்புதலும் உதவியும் ஒன்று சேர்வது நலிவுற்றோரின் சிந்தனைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்பது உள்ளிட்ட காரணங்களால் அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானிக்கப்பட்டது. இதே வகையான நோக்கங்களுடன் வேறு சமய அமைப்புகள் ஏற்கெனவே கூட்டிணைக்கப்பட்டிருந்தன என்பதே இதிலுள்ள விசித்திரம். சமய சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டுள்ளதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் முடிவு செய்தது.

இத்தகைய சூழலில் நிறுவனங்கள் 'சமூக மேம்பாடு', 'மனிதநேயப் பணி' போன்ற, எவருக்கும் பொருந்தக்கூடிய சொற்களுக்குள் தஞ்சம் புகுவதில் வியப்பில்லை. ஆனால் அவை பாதுகாப்பளிப்பதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் தொண்டு அமைப்புகள் மீது சந்தேகப் பார்வை விழுந்தபோது, பொதுப்படையான சொற்கள் எவருக்கும் கைகொடுக்கவில்லை.

செஞ்சிலுவை இயக்கமும் ஏனைய தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவை இவ்விடயத்தைத் தெளிவாகக் கையாளுகின்றது. ஒரு நிறுவனம் சமய அல்லது அரசியல் கருத்தைக் கொண்டிருக்கும் உரிமையை அது மறுக்கவில்லை. உதவி பெறுபவர் அக்கருத்தை ஏற்றாக வேண்டும் என்ற நிபந்தனையையே மறுக்கின்றது. நிவாரண வரிசையில் நிற்கும் தாய்க்குத் தெரியவேண்டியதும் இதுவே. பொதியைத் தருபவர் யார், அவரது நம்பிக்கை என்ன, பணம் எங்கிருந்து வருகின்றது, பதிலுக்குத் தன்னிடம் எதுவும் எதிர்பார்க்கப்படமாட்டாதா என்பனவற்றை அவர் தனது மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். கொழும்பு அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சட்டமிட்டுத் தொங்கவிடப்பட்ட குறிக்கோள் வாசகத்தால் மூதூருக்கோ முல்லைத்தீவுக்கோ பயனில்லை.

தொண்டர் நிறுவனங்களைப் பதிவு செய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தை மாற்றுவது பற்றிப் பல காலமாகப் பேசப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு மாற்றப்படுமாயின், எழுதிய நோக்கத்துக்கு மாறாகச் செயற்படும் நிறுவனம் விசாரிக்கப்படட்டும். நம்பிக்கையை வெளிப்படையாக எழுதியமைக்காக மட்டும் எந்தவொரு நிறுவனத்தினதும் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடாது என்பது அதில் சேர்க்கப்படல் வேண்டும்.