ஒரே சட்டமும் ஒரு செயலணியும்

'ஒரு நாடு, ஒரு சட்டம்' என்னும் கோட்பாட்டை ஆராய்ந்து அதற்கெனச் சட்டவரைவு ஒன்றையும் ஆக்கி அளிக்குமாறு 2021 ஒக்டோபர் 26ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியால் பதின்மூவரைக் கொண்ட ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டதும், அதன் தலைமைப் பீடத்தில் கடும்போக்குப் பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் பொதுச் செயலாளரான தேரர் அமர்த்தப்பட்டதும், அன்று தொடங்கி இலங்கையில் எழுந்த வாதப் பிரதிவாதங்களும் வாசகர்கள் நன்கறிந்தவையே. நியமனத்தை ஆதரித்தோர் கூறிய சமாதானங்களையும் பொறுமையோடு கேட்டுப் பார்த்தோம். அவர் பாமர மக்களின் மனத்தை அறிந்தவர் என்றார்கள். தீவிரவாதத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர் என்றார்கள். பதின்மூவரில் நால்வர் முஸ்லிம்கள் அல்லவா என்றும் கேட்டார்கள். இவற்றுள் ஒன்றேனும் நமது மனத்தை உறுத்தும் கேள்விக்கு விடையாகவில்லை. நாட்டு மக்கள் யாவரையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் பணியை, அந்தச் சட்டம் வீற்றிருக்கும் மன்றத்தையே அவமதித்தவர் என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு எத்தகைய துணிவு வேண்டும்?

நடந்ததை நினைவூட்டுவது அவசியமாகிறது. நமது ஆட்சியாளரின் ஞாபகசக்தி தமக்கு வசதியான இடங்களில் மட்டும் குன்றிவிடும் இயல்புடையது. காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவின் வழக்கு 2016 ஜனவரியில் ஹோமாகம நீதவான் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டபோது, சந்தேகத்தின்பேரில் விளக்கமறியலில் இருந்த இராணுவப் புலனாய்வாளர்களுக்காகப் பரிந்து, திறந்த மன்றிலே நீதவானையும் அரச சட்டத்தரணியையும் நோக்கிக் கூச்சலிட்டவர் இந்தத் தேரர். கணவனைத் தேடி ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்த எக்னெலிகொடவின் மனைவியை அச்சுறுத்தியமைக்காக ஒரு தண்டனையும், நீதிமன்றத்தை அவமதித்தமைக்காக மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆறாண்டுக் கடூழியச் சிறைத் தண்டனையும் 2018இல் அவர்மீது விதிக்கப்பட்டன. ஒரு வருஷம் நிறைவுறுவதற்கு முன்பே, 2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் நாடு கலங்கி நின்ற அந்த நாட்களிலே, பொதுமன்னிப்புப் பெற்று அவர் வெளியே வந்தார். மன்னிக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மன்னிக்கப்பட்டவர் சிறைவாயிலைக் கடந்து தம் விகாரைக்குத் திரும்புவது ஒரு காரியம். சட்டவரைஞரின் ஆசனத்துக்குச் செல்வது முற்றிலும் வேறொரு காரியம்.

மன்னிப்பின் பின்னர் சட்டத்தின்மீது அவருக்குப் பக்தி மிகுந்திருக்கக் கூடுமே என்று எண்ணுகிறவர்கள் முல்லைத்தீவுக்குச் சென்று விசாரிப்பார்களாக. நாயாறு நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளவில் விகாரை அமைத்துத் தங்கியிருந்து காலமான பிக்கு ஒருவரின் பூதவுடலை அவ்விடத்திலன்றி வேறோரிடத்தில் தகனஞ் செய்யுமாறு 2019 செப்டெம்பர் 23ஆம் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தும், கட்டளை பிறந்த அன்றைக்கே, ஆலயத்தின் தீர்த்தக்கேணி அருகிலேயே சிதை மூட்டப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் இந்தத் தேரரும் ஒருவர். நீதிமன்றக் கட்டளையைச் சுட்டிக்காட்டிய சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். பொலிசார் இருந்தார்கள், இருந்தார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையாரின் கேணிக்கரையில் செல்லுபடியாகாத சட்டம், ஈராண்டு கழித்துத் தம் கையாலேயே எழுதப்படும்போது மாத்திரம் நாடெங்கும் செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதன் விசித்திரம் நியமித்தவர்களுக்குத் தோன்றாமற் போயிருக்கலாம். வன்னியிலுள்ள விவசாயிக்குத் தோன்றியது. 2014 ஜூனில் அளுத்கமையில் ஒரு பொதுக்கூட்டத்தின் பேச்சு எவ்வாறு கடைகளையும் வீடுகளையும் தீக்கிரையாக்கிய கலவரத்தில் முடிந்தது என்பதைக் கண்ட முஸ்லிம் வியாபாரிக்கும் தோன்றியது.

இனி ஒரு படி மேலே செல்வோம். இவருக்குப் பதிலாகக் கல்வியிலும் சாந்தத்திலும் சிறந்த வேறொரு மகாதேரரை நியமித்திருந்தால் நாம் மௌனம் சாதித்திருப்போமோ? இல்லை. நல்லை ஆதீன முதல்வரையோ, கர்தினாலையோ, உலமா சபையின் பெரியவர் ஒருவரையோ அந்த ஆசனத்தில் அமர்த்தியிருந்தாலும் இதே ஆட்சேபனையை இதே பத்தியில் எழுதியிருப்போம். துறவிக்கு மக்களின் நெஞ்சில் ஓரிடம் உண்டு; அந்த இடம் அவர் வாக்குப் பெறாமலும், பதவி ஏற்காமலும், வரி விதிக்காமலும் சம்பாதித்துக் கொண்டது. பாராளுமன்றம் இயற்றி நீதிமன்றங்கள் பொருள்கொள்ள வேண்டிய சட்டத்தை எழுதும் வேலை அந்த இடத்தைச் சார்ந்ததன்று. நான்கு மதங்கள் நிலைகொண்டுள்ள நாட்டில், அவற்றுள் ஒன்றின் குருவானவர் ஏனைய மூன்றின் திருமண விதிகளையும் மரண விதிகளையும் தீர்த்துவைக்க முன்வரும்போது, அவர் எவ்வளவு நடுநிலைமையோடு எழுதினாலும், எழுதப்படுவது சட்டமாக அன்றி மதக்கட்டளையாகவே ஏனையோரால் வாசிக்கப்படும்.

செயலணியின் அமைப்பைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. முதல் வர்த்தமானியில் தமிழர் ஒருவரும் இல்லை, பெண் ஒருவரும் இல்லை. முறைப்பாடுகள் எழுந்த பின்னர், சில நாட்கள் கழித்து, மூன்று தமிழர்கள் சேர்க்கப்பட்டார்கள். இந்நாட்டில் தமிழரும் வசிக்கின்றனர் என்பது சில நாட்களுக்குள்ளேயே நினைவுக்கு வந்தமைக்காக நன்றி செலுத்த வேண்டியதுதான்.

ஆனால் நீதி அமைச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க இயலாது. அந்த அமைச்சு ஏற்கெனவே தயாரித்திருந்த சட்டவரைவுகளையும் இந்தச் செயலணி பரிசீலிக்க வேண்டுமென்று முதல் வர்த்தமானி விதித்தது. அமைச்சையோ இதுபற்றி முன்கூட்டிக் கலந்தாலோசிக்கவில்லை. அந்த வரைவுகளுள் முக்கியமானது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் திருத்தமாகும். பெண்கள் காதியாராக (முஸ்லிம் விவாக நீதிபதியாக) முடியாமை, ஏனையோருக்குப் பதினெட்டு என்று வகுக்கப்பட்ட திருமண வயதெல்லை முஸ்லிம் சிறுமியருக்கு வகுக்கப்படாமை ஆகிய குறைகளை நீக்குமாறு முஸ்லிம் பெண்களே பல தசாப்தங்களாகக் கேட்டு வருகிறார்கள். 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. கொடுத்தபோதும் அங்கத்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். இத்தனை இடர்ப்பாட்டின் பின்னர் கனிந்து வந்த ஒரு சீர்திருத்தத்தை பொதுபல சேனாவின் கையில் கொடுத்தால், அதற்காகப் பாடுபட்ட பெண்களை அவர்களுடைய சமூகத்தின் பழைமைவாதிகள் எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒரு நல்ல கோரிக்கையைக் கெடுப்பதற்கு அதன் பகைவரை அதன் காவலராக்குவதைப் போன்ற சுலபமான உபாயம் வேறில்லை.

அது நிற்க. ஒரே சட்டம் வேண்டுமென்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? வடபகுதித் தமிழரின் தேசவழமையிலிருந்தா, கண்டியச் சிங்களவரின் சட்டத்திலிருந்தா, முஸ்லிம்களின் காதி நீதிமன்றத்திலிருந்தா? அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்கி, புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அதனை மாற்றுவதாயின் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். விகாரைகளின் ஆதனங்கள் பொதுவான நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தினால் ஆளப்படாமல் 1931ஆம் ஆண்டின் தனிக் கட்டளைச் சட்டத்தினால் ஆளப்படுகின்றன. விகாராதிபதிப் பதவி குருவிடமிருந்து சீடனுக்குச் செல்லும் பரம்பரையை நமது நீதிமன்றங்கள் அங்கீகரித்து வழக்குகள் தீர்க்கின்றன. இவற்றை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை; அவை பௌத்த மக்கள் தீர்மானிக்க வேண்டியவை. ஒரே சட்டம் என்ற அந்தப் பதின்மூவரில் ஒருவராவது இவற்றை வாய்விட்டுச் சொல்வாரா என்றுதான் கேட்கிறோம். அடுத்த வீட்டுக் கூரையைப் பிரிப்பதற்கு மட்டும் ஏணி தேடுபவரை ஊரார் வேலைக்காரர் என்று கொள்ளமாட்டார்கள்.

முன்னொரு காலத்தில், எந்த மதத்துக்கும் முதன்மை தராத, இதற்கு மாறான ஏற்பாடு ஒன்று நம்மிடம் இருந்தது. பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் செலுத்திய வரிப்பணத்திலிருந்து அங்கிலிக்கன் குருமாருக்குச் சம்பளம் கொடுத்து வந்த பிரித்தானிய அரசாங்கமே, எதிர்ப்பு வலுத்ததன் காரணமாக, 1881இல் அந்தச் சபையை அரசிலிருந்து பிரிக்க முடிவு செய்தது. 1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பில், எந்த மதத்தினருக்கும் ஏனையோருக்கு இல்லாத சலுகையையோ, ஏனையோருக்கு இல்லாத தடையையோ சட்டத்தால் உண்டாக்கலாகாது என்று 29ஆம் பிரிவு விதித்திருந்தது. 1972இல் அந்தப் பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. அந்த யாப்பை வரைந்து நிறைவேற்றுவதில் முன்னின்றவர்களுள் மதத்துக்கும் அரசுக்கும் யாதொரு சம்பந்தமும் ஆகாது என்று வாழ்நாளெல்லாம் பிரசங்கித்த இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

மதத்தைப் பற்றி அரசின் பேரால் தீர்மானம் செய்பவர்களின் கட்சிக்கொடிகள் மாறுகின்றன. தீர்மானத்தின் குணம் மாறுவதில்லை. 1966இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கிவிட்டுப் பௌத்தரின் போயா தினங்களை வாராந்த விடுமுறையாக்கினார்கள். சந்திரனின் கதிக்கேற்ப வாரம் சில வேளை நீண்டது, சில வேளை குறுகியது. உலக வாணிபத்தோடு ஒட்டாத அந்த நாட்காட்டியை ஐந்தாண்டு சுமந்தபின், 1971இல் ஓசையின்றி ஞாயிறு திரும்பி வந்தது. பௌத்தம் அதனால் ஓர் அணுவேனும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. 2020 ஜூனில், தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருட்களைப் பாதுகாப்பதற்கென்று, தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இன்றி, பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில், பிக்குமாரும் அடங்கிய வேறொரு செயலணியை நியமித்தார்கள். தொல்பொருளுக்குப் பாதுகாப்புச் செயலாளர், சட்டத்துக்குப் பிக்கு. 2019இல் ஹசலகவில், உடையிலிருந்த கப்பற் சுக்கானின் சக்கரத்தைத் தர்மசக்கரம் என்று கொண்டு ஓர் ஏழை முஸ்லிம் பெண்ணைச் சிறையிலிட்டார்கள். அதற்குக் கையாண்டது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்கு அமைய, பகைமையைத் தூண்டுவோரைத் தண்டிப்பதற்காக, நாம் இயற்றிய சட்டம். மேடையேறிப் பகைமையைத் தூண்டியோர்மீது அதே சட்டம் அதே வேகத்தில் பாய்ந்ததை நாம் கண்டதில்லை.

இவை அனைத்தையும் மன்னித்தாலும் ஒன்றை மன்னிப்பதற்கில்லை. கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்க, 2020 ஏப்ரலில் எரித்தே ஆக வேண்டுமென்று வர்த்தமானி பிறப்பித்தார்கள். நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். எந்த நீர், எந்த ஆய்வு என்று கேட்டவர்களுக்கு விடையில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். காரணம் கூறப்படாமலே மனுக்கள் தள்ளுபடியாயின. டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான சிசு ஒன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரியூட்டப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் முஸ்லிம்கள் சடலத்தைச் சுற்றும் கபன் துணியின் வெள்ளைத் துண்டுகளைக் கட்டிச் சென்றவர்கள் முஸ்லிம்கள் மாத்திரமல்லர். சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். அதுவும் போதவில்லை. பாகிஸ்தான் பிரதமர் 2021 பெப்ரவரியில் கொழும்பு வந்து திரும்பியதும், விஞ்ஞானம் ஒரே இரவில் மாறி, அடக்கத்துக்கு அனுமதி வந்தது. வந்த அனுமதியையும் கௌரவமாகக் கொடுக்க மனமின்றி, முதலில் வடக்கிலுள்ள இரணைதீவைக் காட்டி, மீள்குடியேறி மூச்சுவிடத் தொடங்கியிருந்த கத்தோலிக்க மீனவரையும் இறந்தோரை அடக்கக் காத்திருந்த முஸ்லிம்களையும் எதிரெதிரே நிறுத்தப் பார்த்து, அம்மக்கள் எதிர்த்த பின்னரே கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்குப் போனார்கள். சவத்தை எவ்வாறு அடக்குவது என்ற கேள்விக்கே ஓராண்டு காலம் மனிதத்தன்மையோடு பதில் சொல்லத் தெரியாதவர்கள், மணத்தையும் மணமுறிவையும் சொத்துரிமையையும் திருத்தப் புறப்பட்டார்கள்.

தமிழரும் சைவருமான நமது பக்கத்துக் குறைகளை நாம் மறைக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் உயர்சாதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஆலயக் கதவை அடைத்தார்கள் என்பதும், மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் சம்மதத்தைத் தேசவழமை கேட்கிறது என்பதும் நமக்குத் தெரியும். இந்து சமய அலுவல்கள் திணைக்களத்தின் மானியத்துக்காக அமைச்சர் வாசலில் காத்திருப்போர் நம்மவருள்ளும் குறைவில்லை. அரசாங்கத்தின் பணத்தைத் தன் மதத்துக்கு வாங்கிக்கொண்டு பிறர் மதத்துக்கு மட்டும் அரசாங்கம் முகங்கொடுக்கலாகாது என்று வாதிப்பது அழகன்று.

என் செய்வது? ஒவ்வொரு மதத்துக்கும் ஒவ்வொரு திணைக்களம் என்ற வழியில் இதுகாறும் வந்துவிட்டோம். இந்த வழியே திரும்பிச் செல்வதற்குப் பௌத்தர், சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய நால்வருள்ளும் விவேகிகள் கூடி யோசிக்க வேண்டும். புதிய அரசியலமைப்பை வரைவதற்கென்று நிபுணர் குழுவொன்று 2020இல் நியமிக்கப்பட்டது. அக்குழுவாவது மதத்தை அரசின் பராமரிப்பிலிருந்தும் அரசை மதத்தின் பிடியிலிருந்தும் எவ்வளவு தூரம் விலக்கலாம் என்று அச்சமின்றி ஆராய்ந்திருக்க வேண்டும். அதற்குக் காலம் செல்லும், அதனை ஒப்புக்கொள்கிறோம்.

செயலணியைக் கலைப்பதற்குக் காலம் செல்ல வேண்டியிருக்கவில்லை. மாதந்தோறும் ஜனாதிபதிக்கு அறிக்கை, 2022 பெப்ரவரி 28இல் இறுதி அறிக்கை என்று அதற்குத் தவணை வகுத்திருந்தார்கள். அதுவரை காத்திருப்பதால் அடையக்கூடிய பயன் யாதொன்றும் இருக்கவில்லை. மானக்கேடாகிவிடும் என்று தயங்கினார்களானால், 2021 செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதித்து வர்த்தமானி வெளியிட்டு, ஆலைக்காரர் இணங்கவில்லை என்றதும் அதே மாதத்திலேயே அதனை நீக்கி மற்றொரு வர்த்தமானி வெளியிட்டவர்களும் அவர்களே. அச்சகமும் அதுதான், அரசாங்கமும் அதுதான்.