கூண்டும் கோஸ்டரும்

கோலார் தங்கவயலில் சுரங்க வாய்களின் மேல் எழுப்பிய இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் உச்சிச் சக்கரத்தில் ஓடிய எஃகுக் கயிற்றை நம்பித்தான் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாம் நின்றுபோனது.

அந்த ஊர்ப் பேரப்பிள்ளைகள் பெங்களூரை அடுத்த பிடதி கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஏறிக் கூச்சலிட்டால், பழைய சுரங்கத் தாத்தாக்களுக்குச் சிரிப்பு வரலாம். விழுவதற்குக் காசா! ஆனால் இரண்டையும் அமைத்த பொறியாளர்களின் கவலை ஒன்றுதான்: ஏதாவது ஒன்று கைவிட்டால் என்ன ஆகும்?

கோஸ்டரின் வண்டியை முதல் மேட்டுக்கு ஒரு சங்கிலி இழுத்துச் செல்கிறது. அப்போது கேட்கும் 'டக் டக்' சத்தம் பயமுறுத்துவதற்காக அல்ல. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி பல்லில் விழும் கொக்கியின் சத்தம் அது. அதன் பிறகு வண்டிக்கு எஞ்சின் கிடையாது, உயரம்தான் பெட்ரோல்.

மரப் பாதைகளின் காலத்தில் நினைத்த பக்கம் வளைக்க முடியவில்லை. 1959-ல் டிஸ்னிலாண்டில் எஃகுக் குழாய்த் தண்டவாளம் வந்ததும் அந்தத் தடை போயிற்று. வண்டியின் சக்கரங்கள் குழாயை மேலே, பக்கவாட்டில், கீழே என மூன்று புறமும் கவ்வுகின்றன. தலைகீழானாலும் வண்டி கழன்று விழாது.

தலைகீழ்ச் சுற்றின் கதை சுவையானது. 1890-களில் அமெரிக்காவின் கோனி தீவில் முழு வட்டமாகவே சுற்றை அமைத்தார்கள். வட்டத்துக்குள் நுழைந்த கணத்திலேயே எடை பல மடங்காக அழுத்த, பயணிகளின் கழுத்து பாடுபட்டது. 1976-ல் கலிபோர்னியாவில் வந்த சுற்று, தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளி வடிவம். கீழே மெதுவாக வளையத் தொடங்கி, உச்சியில்தான் இறுக்கமாக வளைகிறது. ரயில் பாதைக்காரர்கள் வளைவின் தொடக்கத்தில் நெடுங்காலமாகக் கையாண்ட சூத்திரம்தான்!

பிரேக்கில் சுரங்கமும் பூங்காவும் சந்திக்கின்றன. தங்கவயலுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் மின்சாரம் என்றால் நின்றும் போகும். அதனால் சுரங்கக் கூண்டை இழுக்கும் இயந்திரங்களில் பிரேக்கை விடுவிக்கத்தான் சக்தி வேண்டும். சக்தி போனால் அது தானே இறுகிவிடும். கோஸ்டரிலும் அதே ஏற்பாடுதான்.

ஒரு வித்தியாசம். கோஸ்டரில் தோளையும் தொடையையும் பட்டை பிடித்துக்கொள்கிறது. ஷிப்டுக்குப் போனவர்கள் கூண்டில் ஒருவரோடு ஒருவர் நெருக்கிக்கொண்டு, நின்றபடியே இறங்கினார்கள்.