பழைய அதிர்வுகளும் சரியான அளவுகளும்

நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தவுடன் அதன் அளவு ஓர் எண்ணாக அறிவிக்கப்படுகின்றது. அந்த எண்ணை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால், ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தவற்றுக்குப் பழைய பட்டியல்கள் தரும் எண்கள் அத்தனை உறுதியானவையல்ல. அவற்றை மீளக் கணித்து ஒரே அளவுகோலின்கீழ்க் கொண்டுவரும் பணி பல தசாப்தங்களாக நடைபெறுகின்றது. சர்வதேச நிலநடுக்கவியல் மையம் 2013 இல் வெளியிட்ட உலகப் பட்டியல் அதன் முக்கிய பேறாகும்.

குடாநாட்டின் நடுவே, செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த உரும்பிராயிலிருந்து நோக்குவோருக்கு இது தொலைதூர விவகாரமாகத் தோன்றக்கூடும். ஆனால், எமது குடாநாட்டில் கடலுக்கு வெகு தொலைவான கிராமம் எதுவுமில்லை.

சாள்ஸ் றிச்டர் தமது அளவுகோலை வெளியிட்டது 1935 இல். அதற்கு முந்திய நிலநடுக்கங்களுக்குப் பின்னரே எண் இடப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பயன்பட்ட மில்ன் கருவியின் ஊசல், அசையத் தொடங்கினால் எளிதில் ஓயாது. அதனால் தாளில் விழுந்த கோடு நிலத்தின் உண்மையான அசைவைக் காட்டவில்லை. பல நிலநடுக்கங்கள் மிகையாக மதிப்பிடப்பட்டன. 1905 இல் இந்தியாவின் கங்ராவை அழித்த நிலநடுக்கம் 8 அல்லது அதற்கும் மேற்பட்டது எனக் கருதப்பட்டது. மீளாய்வு அதனை 7.8 எனக் கண்டது. இதற்கு மாறாக, 1960 இன் சிலி நிலநடுக்கம் பழைய முறையில் குறைவாகவே தெரிந்தது. பின்னர் அது 9.5 எனக் கணிக்கப்பட்டது. அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகின்றது என்பதை நினைவிற் கொண்டால், இத்திருத்தங்கள் அற்பமானவையல்ல என்பது விளங்கும்.

எமது கடலுக்கு வருவோம். 1881 டிசெம்பர் 31 இல் கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியது. தொலைதூர அதிர்வுகளைப் பதியும் கருவிகள் அக்காலத்தில் உருவாகியிருக்கவில்லை. ஆயினும், நாகபட்டினம், சென்னை, போட்பிளேயர் முதலிய துறைமுகங்களில் வற்றுப்பெருக்கை அளந்த கருவிகள் கடலலையின் எழுச்சியைப் பதிந்திருந்தன. அப்பதிவுகளைக் கொண்டே 2003 இல் ஆய்வாளர்கள் அந்நிலநடுக்கத்தின் அளவை 7.9 எனக் கணித்தனர். 1941 இன் அந்தமான் நிலநடுக்கமும் நெடுங்காலம் 8.1 எனக் குறிக்கப்பட்டுப் பின்னர் 7.7 ஆகக் குறைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலேயே, 2004 டிசெம்பர் 26 இல், அதே கடலடி எல்லை 9.1 என்ற அளவில் பிளந்தது. ஹவாயிலுள்ள எச்சரிக்கை நிலையத்தின் முதல் மதிப்பீடு 8.0 மாத்திரமே. இவ்விரண்டுக்குமிடையிலான சக்தி வேறுபாடு ஏறத்தாழ 45 மடங்காகும். சரியான அளவு தெரியவந்தபோது முல்லைத்தீவு, மருதமுனை, கல்முனை எங்கும் அலை அடித்து முடிந்திருந்தது. உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்நாடு இழந்தது. பல்லேகலவில் 2000 இல் நிறுவப்பட்ட நிலையம் அதிர்வைப் பதிந்தது. அதனை மக்களுக்கு எச்சரிக்கையாக்கும் ஏற்பாடுதான் இருக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. பழைய அளவுகள் சரியாயின்றேல் எவ்வளவு காலத்துக்கொருமுறை எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்ற கணக்குப் பிழைக்கும். அளவுகள் சரியாயினும், நூற்றிருபது ஆண்டுப் பதிவு பூமியின் முழு வரலாறாகாது. அம்பாந்தோட்டையின் கரகன் களப்பு அடிப்படிவுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கடற்கோள் தடயங்கள் காணப்படுவதே இதற்குச் சான்று.

ஆதலால், கருவிப் பதிவுகள் மாத்திரமன்றி, கச்சேரி நாட்குறிப்புகள், துறைமுகப் பதிவேடுகள், கோயில், பள்ளிவாசல் ஆவணங்கள் யாவும் தேடிப் பேணப்பட வேண்டும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும் பல்கலைக்கழகங்களும் இதற்கு முன்வருதல் அவசியம். 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோதும், 1990 இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், ஏடுகளை இழப்பதென்றால் என்னவென்பதை அனுபவித்தறிந்த சமூகங்கள் நாம். நாகபட்டினத்தில் யாரோ ஓர் ஊழியர் கவனமாகப் பேணிய தாள், 122 ஆண்டுகளின் பின் கடலடியின் இயல்பை அறிவிக்க உதவியது. எம்மிடம் எஞ்சியிருப்பவையும் அவ்வாறே காக்கப்பட வேண்டும். அலைக்கு இனமோ மதமோ தெரியாது. அதனை எதிர்கொள்ளும் ஆயத்தமும் பொதுவானதாகவே அமைய வேண்டும்.